அத்தை பிடித்த கயிறு

நாலு பேர் கூடிய இடத்தில் நான் வாயே திறக்க மாட்டேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்ன பேசிவிடப் போகிறாள் என்று நானே அடங்கிக்கொள்வதுதான். ஆனால் எங்கள் கல்லூரி விளையாட்டு விழாவின் கயிறு இழுப்பைச் சும்மா வேடிக்கை என்று யாராவது சொன்னால் மட்டும் பொறுக்காது. போன மாதம் பேரன் கல்யாணத்தில் ஒரு பெரியவர் அப்படித்தான் சொல்லிச் சிரித்தார். "பாத்தவுகளுக்குத்தாண்ணே அது வேடிக்கை" என்று பட்டென்று சொல்லிவிட்டேன்.

எங்கள் கல்லூரி என்றால் நான் படித்தது இல்லை. திருப்பரங்குன்றம் மலை தெரிகிற தூரத்தில் மாதா கோயில் சாமியார்கள் நடத்திய சின்னக் கல்லூரி. அதன் விடுதியில் அப்பா சமையல்காரர். அப்பாவின் தங்கையான என் அத்தை அங்கே மாவாட்டினாள்.

விழா அன்று பூசை முடிந்ததும், முதல்வராக இருந்த பெரிய சாமியார் ஓடுபாதைக்கும் ஈட்டிக்கும் குண்டுக்கும் தீர்த்தம் தெளிப்பார். நீள ஓட்டத்தின் கடைசிச் சுற்றுக்கு மாதா கோயில் மணி அடிக்கும். எல்லாம் முடிந்த பிறகுதான் கயிறு. சாமியார்களும் வாத்தியார்களும் ஒரு பக்கம், சமையற்கட்டு ஒரு பக்கம். எங்கள் பக்கத்தில் மட்டும் நடுக்கோட்டுக்கு முன்னால் தண்ணீர் ஊற்றிச் சேறாக்கியிருப்பார்கள். பெரிய சாமியார் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தால், எங்கள் ஆட்கள் காலைத் தளர்த்திச் சேற்றில் விழவேண்டும். அதுதான் வழக்கம். "சாம்பாரு சரிஞ்சிருச்சு டோய்!" என்று பையன்கள் குதிப்பார்கள். சேறு சொட்ட எழுந்து நிற்கும் அப்பாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்த வருஷம் எங்கள் பக்கத்தில் ஒருவருக்குக் காய்ச்சல். ஆள் குறைந்தது. அத்தை சேலையை வரிந்து கட்டிக்கொண்டு முன்னால் போய் நின்றாள். விசில் பறந்தது.

இழுப்பு தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் பெரிய சாமியாரின் கைக்குட்டை வெளியே வந்தது. எல்லாரும் பொத்துப் பொத்தென்று விழுந்தார்கள். அத்தை மட்டும் குதிகாலை ஊன்றி நின்றாள். ஒற்றை ஆளாகச் சேற்றில் கோடு கிழித்தபடி இழுபட்டுப் போனாளே தவிர, கயிற்றை விடவில்லை.

"முடிஞ்சுபோச்சும்மா, விடு" என்றார் பெரிய சாமியார்.

"தோத்தா விட்டுர்றேன் சாமி. எங்காளுக தோக்கலையே, விழுந்துல்ல கெடக்காக? மண்ணக் கொட்டுங்க, திரும்ப இழுப்போம்."

"ஏத்தா, விட்டுத் தொலை. வேலைக்கே உலை வச்சிருவ போல" என்று அப்பா சேற்றில் கிடந்தபடியே கெஞ்சினார்.

"நீ மொதல்ல எந்திரிண்ணே. ஒம்மக பாத்துக்கிட்டு நிக்கிறா."

அப்பா என் பக்கம் திரும்பினார். பிறகு எழுந்து, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு கயிற்றைப் பிடித்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். பெரிய சாமியார் மண் கொண்டுவரச் சொல்லிவிட்டு, அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு தானும் எதிர்ப்பக்கம் போய் நின்றார்.

கயிறு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வெகுநேரம் ஊசலாடியது. "சாம்பாரு, விடாத! சாம்பாரு, விடாத!" என்று அதே பையன்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள். கடைசியில் எங்கள் ஆட்கள் தோற்றுத்தான் போனார்கள்.

ஒரே நாளில் இரண்டு தரம் தோற்றுவிட்டோமே என்று நான் அழுதுகொண்டே வீட்டுக்கு நடந்தேன். அப்பாவோ தோல் உரிந்த உள்ளங்கையை அத்தையிடம் காட்டிக் காட்டி வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தார். தோற்ற மனுஷருக்கு அப்படி என்ன சிரிப்பு என்று எனக்கு அன்றைக்கு விளங்கவே இல்லை.