என்டர் பொத்தான்மேல் வைத்த விருது

என் மனைவியின் வலது முழங்கால், நான் நிரந்தர ஊழியன் ஆவதற்காகக் காத்திருந்தது.

அவள் ஹெப்பகோடியில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். வருடக்கணக்காக நின்றுகொண்டே பாடம் எடுத்ததில் மூட்டு தேய்ந்துவிட்டது. ஆபரேஷன் செய்தால்தான் சரியாகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் கம்பெனியில் நிரந்தர ஊழியர்களுக்குக் குடும்பத்தோடு இன்சூரன்ஸ் உண்டு. நான் ஏஜென்சி வழியாக வந்த ஒப்பந்த ஆள். அடையாள அட்டை தொங்க அவர்களுக்குக் கழுத்தில் நீலப் பட்டி, எனக்கு மஞ்சள் பட்டி. மஞ்சளுக்கு இன்சூரன்ஸ் கிடையாது, டெமோ அறையின் கதவும் திறக்காது. கேன்டீன் தயிர்சாதம் மட்டும் பேதம் பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே மாதிரி புளித்திருக்கும்.

"இந்த ரிலீஸ் முடியட்டும், உன்னைப் பர்மனென்ட் பண்ணிடறேன்" என்று டைரக்டர் வாக்குக் கொடுத்திருந்தார். அவர் கண்டோன்மென்ட் பக்கத்துத் தமிழர். நல்ல மனிதர். என் ஜோக்குகளுக்கு முதலில் சிரிப்பவர் அவர்தான். அதனால் அவரை முழுக்க நம்பினேன்.

எங்கள் கம்பெனி கேமரா பதிவுகளைச் சேமித்து வைக்கும் பெட்டிகளைச் செய்கிறது. பெட்டிக்குள் டிஸ்க் இருக்கும், டிஸ்குக்குள் பதிவுகள் இருக்கும். மின்சாரம் வந்ததும் முதலில் கண்விழித்து, எனக்குக் கை எங்கே கால் எங்கே என்று தேடுகிற மென்பொருளுக்குப் பெயர் கர்னல். எந்தெந்த வகை டிஸ்குகளை அது அடையாளம் காணவேண்டும் என்பதைக் கர்னலை உருவாக்கும்போதே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால், டிஸ்க் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும், கல்யாண வீட்டில் எதிரே வந்த பகையாளிப் பங்காளியைப்போல் பார்க்காமலே போய்விடும். சொல்வது என் வேலை. வேண்டும் என்றால் ஒரு பதில், வேண்டாம் என்றால் ஒரு பதில்.

"ஆமாம், இல்லன்னு சொல்றதுக்கா சம்பளம் குடுக்கறாங்க?" என்று என் மனைவி ஒருமுறை கேட்டாள். "வீட்ல ஆமாம் மட்டும் ஓசியிலயே சொல்றீங்களே."

கர்னலின் புதுப் பதிப்பு வரும்போதெல்லாம், நாம் ஏற்கெனவே சொன்ன பதில்களை வைத்துக்கொண்டு, புதிதாக முளைத்த கேள்விகளை மட்டும் அது ஒவ்வொன்றாகக் கேட்கும். திரையில் கேள்வி வரும், பதிலை அடிக்க வேண்டும். பதில் தெரியாதவன் வெறுமனே என்டரைத் தட்டினால், அதுவே ஒரு பதிலை எடுத்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடும். அது எடுத்துக்கொள்வது பெரும்பாலும் "வேண்டாம்".

கேள்விகள் நூற்றுக்கணக்கில் வரும். எங்கள் டீமில் அதற்கு ஒரு சடங்கு இருந்தது. எங்கள் டீம் லீட் தும்கூர்க்காரர், நீலப் பட்டி. கன்னடம் கலந்து பேசுவார், அவருக்கு எல்லோரும் 'குரு'தான். அவர் மேஜையில் "சிறந்த ஊழியர்" என்று பொறித்த கனமான கண்ணாடி விருது ஒன்று உண்டு. அதைக் கொண்டுவந்து என்டர் பொத்தான்மேல் வைத்துவிடுவார். கேள்விகள் சரசரவென்று ஓடும். "பா குரு, டீ குடியோண" என்று எல்லோரையும் கிளப்பிக்கொண்டு கீழே போய்விடுவார். திரும்பி வரும்போது கேள்விகள் முடிந்திருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே கட்டளையில் என்டர் தட்டிவிடவும் வழி இருக்கிறது. அவருக்கும் அது தெரியும். ஆனால் அதில் டீ கிடையாது.

கேள்விகளைப் படிக்கும் ஒரே ஜென்மம் நான்தான். அறிவினால் அல்ல, பயத்தினால். நீலப் பட்டிக்காரர் தவறு செய்தால் அதற்கு அனுபவம் என்று பெயர். மஞ்சள் பட்டிக்காரன் செய்தால் ஏஜென்சிக்கு மெயில் போகும்.

அந்த ரிலீஸுக்கும் அப்படித்தான் கேள்விகளைப் படித்துக்கொண்டிருந்தேன். டிஸ்க் சம்பந்தப்பட்ட பகுதி வரப்போகிற நேரத்தில் லீட் பின்னால் வந்து நின்றார்.

"ஏன் குரு, எக்ஸாமா எழுதற? நெகட்டிவ் மார்க் இருக்கா?"

"டிஸ்க் பக்கம் மட்டும் படிச்சிடறேன் பாஸ். புது மாடல் பெட்டி வேற வருது."

"சாயங்காலம் பில்ட் வேணும். ஆகுத்தே பிடு, எல்லாம் சரியாயிடும்." விருது என் கீபோர்டில் இறங்கியது.

"பாஸ், நீங்க அவார்டு வாங்கின வருஷத்துலகூட அது இவ்ளோ வேலை செஞ்சிருக்காது" என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். டீக்குப் போனோம். இருக்கை என்னுடையது, லாகின் என்னுடையது, விருது மட்டும் அவருடையது.

என் மேஜையில் இருந்த பழைய மாடல் பெட்டியில் புதுக் கர்னல் அழகாக ஓடியது. புது மாடல் ஆபீஸுக்கே ஒன்றுதான். அது டெமோ அறைக்குள், குங்குமப் பொட்டோடு, பூட்டிய கதவுக்குப் பின்னால் இருந்தது. "அதுலயும் ஒருதரம் போட்டுப் பாத்துடலாம் பாஸ்" என்றேன். "அது டைரக்டர் கையாலதான் ஆன் ஆகணுமாம்" என்றார்.

டைரக்டர் கையாலேயே ஆன் ஆனது. ஓசூர் ரோடு நெடுகக் கடைகள் வைத்திருக்கும் ஒரு கம்பெனியிலிருந்து நாலைந்து பேர் வந்து எதிரே உட்கார்ந்திருந்தார்கள். பெட்டி கண்விழித்தது, தேடியது, டிஸ்க் எதுவுமே தெரியவில்லை என்று பெரிய திரையில் எழுதிவிட்டு அப்படியே நின்றுவிட்டது. வாங்க வந்தவர்கள் முன்னால், சேமித்து வைக்கிற பெட்டிக்குச் சேமிக்க இடம் தெரியவில்லை.

என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். டெமோ அறைக் கதவு எனக்காக முதன்முதலாகத் திறந்தது. உள்ளே ஏசி ஜிலுஜிலுவென்று இருந்தது. இதற்குத்தான் பர்மனென்ட் ஆகணும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்தேன்.

காரணம் சீக்கிரமே தெரிந்துவிட்டது. புது மாடலில் இருந்த வகை டிஸ்குகளையெல்லாம் கர்னலின் புதுப் பதிப்பில் ஒரு புதுத் தலைப்பின்கீழ் கொண்டுபோயிருந்தார்கள். அந்தத் தலைப்பு வேண்டுமா என்று ஒரு கேள்வி. விருது "வேண்டாம்" என்று சொல்லியிருந்தது. ரேஷன் கார்டில் குடும்பத் தலைவர் பெயரை அடித்தால் மொத்தக் குடும்பத்துக்கும் அரிசி நின்றுபோகிற மாதிரி, தலைப்பின்கீழ் இருந்த அத்தனை டிஸ்குகளும் போய்விட்டன.

லீட் என் காதருகே குனிந்தார். "தனியா வெச்சிடு குரு. கர்னல் சைஸ் ஏறாது." அப்படியும் ஒரு பதில் உண்டு. அந்தத் துண்டைக் கர்னலுக்குள் சேர்க்காமல் டிஸ்கில் ஒரு ஃபைலாக வைத்துவிட்டு, தேவைப்படும்போது எடுத்துக்கொள்வது.

"டிஸ்கைத் தொறக்கற சாவியை டிஸ்குக்குள்ளயே வெச்சா எப்படி பாஸ்? வீட்டைப் பூட்டிட்டு சாவிய ஜன்னல் வழியா உள்ள போட்ட கதைதான்" என்றேன். வந்தவர்கள் சிரித்தார்கள். டைரக்டரும் சிரித்தார். அறையில் இறுக்கம் குறைந்தது. கர்னலுக்குள்ளேயே சேர்த்து மறுபடி பில்ட் போட்டேன். அது முடிவதற்குள் அவர்கள் பிசிபேளாபாத் சாப்பிட்டு முடித்தார்கள். பெட்டி மறுபடி கண்விழித்து டிஸ்கைக் கண்டுகொண்டது. கைதட்டினார்கள். எனக்குத்தான்.

அத்தோடு எழுந்து வந்திருக்கலாம். ஆனால் டைரக்டர் கேட்டார்: "எப்படிய்யா இது விட்டுப்போச்சு?"

கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன். "சிறந்த ஊழியர் அவார்டுதான் சார் காரணம். அது 'வேணாம்'னு சொல்லிடுச்சு."

ஒரே சிரிப்பு.

"இல்ல சார், நெஜமாத்தான். அவார்டை எடுத்து என்டர் மேல வெச்சாங்க. நாங்க டீ குடிக்கப் போயிட்டோம்."

வந்தவர்களில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சொல்லும்போது நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன் என்று நினைக்கிறேன். என் முகத்தின் அமைப்பு அப்படி. சாவு வீட்டில் துக்கம் கேட்கப் போனாலே நாலு பேர் முறைப்பார்கள். லீட் கடைசியாகச் சிரிக்கத் தொடங்கி, எல்லோரும் நிறுத்திய பிறகும் சிரித்துக்கொண்டிருந்தார். "இவன் இருந்தா ஆபீஸ்ல டிவியே வேணாம் சார்" என்று என் முதுகில் தட்டினார்.

"யார் லாகின்ல பில்ட் ஆச்சு?" என்று டைரக்டர் கேட்டார்.

"இவரோடதுதான் சார்" என்றார் லீட். அது பொய்யும் இல்லை.

அடுத்த வாரம் டைரக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நீலப் பட்டியை அங்கேயே கழுத்தில் போட்டு அனுப்புவார் என்ற நினைப்பில் சட்டையை அயர்ன் செய்து போட்டுக்கொண்டு போயிருந்தேன்.

"ஒன் வேலையில எனக்கு ஒரு கொறையும் இல்லப்பா" என்று ஆரம்பித்தார். குறையே இல்லாதவனிடம் யாரும் அப்படி ஆரம்பிப்பதில்லை. "ஆனா கஸ்டமர் எதிர்ல, ஒன் தப்பை ஒத்துக்காம, எவனோ வாங்கின அவார்டு மேல பழி போட்டு ஜோக் அடிக்கற. பர்மனென்ட்னா ஒரு சீரியஸ்னஸ் வேணும். இன்னொரு ஆறு மாசம் பாக்கலாம்."

"சார், அது ஜோக் இல்ல சார்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு புன்னகைத்தார். "பாத்தியா, இப்பகூட."

இத்தனை வருடமாக நீலப் பட்டிக்காரர்கள் என்னைத் தங்கள் மேஜையில் உட்காரவைத்தது என் வாய்க்காகத்தான். வாய் இருக்கிறவன் சாப்பாட்டு நேரத்துக்குத் தேவைப்படுவான், பர்மனென்ட் பட்டியலுக்குத் தேவைப்பட மாட்டான் என்பது எனக்குத்தான் உறைக்கவில்லை. அன்றைக்கு அந்த அறையில் எல்லோரையும் சிரிக்கவைத்து இறுக்கத்தைக் குறைத்தவனும் நான்தான். அந்தச் சிரிப்பை மறுநாளே மறந்து, காரியத்தை மட்டும் கணக்கில் வைப்பார்கள் என்று நினைத்தவனும் நான்தான். இவ்வளவு நாள் இவர்களுக்கு நான் சொன்னதில் சிரிக்காமல் கேட்டிருக்க வேண்டிய ஒரே விஷயம் அந்த அவார்டு விஷயம். அதற்குத்தான் அதிகம் சிரித்தார்கள்.

கீழே டீக்கடையில் லீட் எனக்கும் சேர்த்து டீ சொன்னார். "நான் ட்ரை பண்ணேன் குரு" என்றார். என்ன ட்ரை பண்ணினார் என்று கேட்க நாக்கு வரை வந்தது. "பரவால்ல பாஸ்" என்றேன். டீ ஆறிப்போயிருந்தது. அதையும் குடித்தேன்.

வீட்டில் மனைவி ஸ்டூல்மேல் காலை நீட்டிக்கொண்டு பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள். "என்னங்க ஆச்சு?" என்றாள். எதையும் சேர்க்காமல், எதையும் வேடிக்கையாக்காமல், முதலிலிருந்து சொன்னேன். எனக்கு அது கஷ்டமாக இருந்தது, பழக்கமில்லாத பாஷையில் பேசுவதைப்போல. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"நெஜமாவே அவார்டைத் தூக்கி வெச்சாரா?"

"வெச்சார்."

"நீங்க அவங்ககிட்ட சிரிச்சிக்கிட்டேதான சொன்னீங்க?"

அயர்ன் செய்த சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.

அவள் சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள். முழங்காலை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக மடக்கிப் பார்த்தாள். பாதி வரைதான் மடங்கியது.

"ஆறு மாசம்னா, அதுவரைக்கும் கிளாஸ்ல ஒக்காந்து பாடம் எடுக்க ஒரு சேர் கேக்கணும். எங்க ஸ்கூல்ல டீச்சர் ஒக்காந்தா ஒத்துக்க மாட்டாங்க. ஹெச்எம்முக்கு ஒரு லெட்டர் குடுக்கணும்."

"நான் எழுதித் தரட்டுமா?"

"வேணாம். நானே எழுதிக்கறேன்" என்றாள். "நீங்க எழுதினா சிரிச்சிடுவாங்க."

உள்ளே போய் ஒரு தலையணை எடுத்துவந்து அவள் காலுக்கடியில் வைத்தேன். அவள் அடுத்த பேப்பரை எடுத்துக்கொண்டாள்.