ஹிராதா அம்மாவின் புருவம்

தட்டிலிருக்கும் இரண்டு குழிகளில் ஒன்றில் உலர்திராட்சையைப் போட்டு, இரண்டையும் மூடி, திரையை இறக்கிவிட்டு, முப்பதுவரை உதட்டுக்குள் எண்ணுகிறார் உதவியாளர் கசுயோ ஹிராதா. வாய்விட்டு எண்ணக் கூடாது என்பது விதி. திரை ஏறியதும் கம்பிக்கு அப்பாலிருந்து உமே கைநீட்டிச் சரியான மூடியைத் தள்ளுவாள்.

உமே முப்பத்தொரு வயதுக் குரங்கு. நம் கணக்கில் தொண்ணூறு தாண்டியவள். முதுமையில் ஞாபகம் எப்படித் தேய்கிறது என்று பார்க்க, ஜப்பானின் ஒகயாமாவில் எங்கள் ஆராய்ச்சி நிலையம் வளர்க்கும் கிழக் குரங்குகளில் மூத்தவள். மற்றவை பாதிக்குப் பாதி தவறவிடும். உமேயோ நூற்றுக்குத் தொண்ணூற்றாறு.

ஹிராதா அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு. சைக்கிளை எங்கே விட்டோம் என்று தினமும் தேடுவார். உமேயிடம் யோசனையும் கேட்பார்: "அக்கா, நீதான் எதையும் மறக்க மாட்டியே, சொல்லேன்."

'மறதி தீண்டாத மூளை' என்று பேராசிரியர் நிஷிமோரி எழுதிய கட்டுரை அச்சுக்குப் போயிருந்தது. போன மாதம் ஹிராதா அம்மா சளியோடு விடுப்பெடுக்க, பேராசிரியரே தட்டின் முன் உட்கார்ந்தார். உமே பாதியைத் தவறவிட்டாள்.

"அக்காவுக்கு உங்க மூஞ்சி பிடிக்கல சென்செய், மனசுல வச்சுக்காதீங்க" என்று பேராசிரியரைத் தேற்றினார் ஹிராதா அம்மா.

பேராசிரியர் பழைய வீடியோக்களைப் போட்டுப் பார்த்தார். ஒவ்வொரு முறை திரை ஏறும்போதும், திராட்சை இருக்கும் பக்கத்துப் புருவம் ஹிராதா அம்மாவுக்குத் துள்ளி ஏறியது. உமே தட்டைப் பார்க்கவே இல்லை.

"ஐயோ, நானா? சத்தியமா எனக்கே தெரியாது சென்செய்!"

"தெரியும்மா. ரெண்டு வருஷ வேலை… கட்டுரையைத் திரும்ப வாங்கணும்."

"புருவத்தைச் சிரைச்சுடட்டுமா?"

அவர் கொஞ்ச நேரம் நிஜமாகவே யோசித்தார். பிறகு பட்டறையிலிருந்து வெல்டிங் முகமூடியை எடுத்துவரச் சொன்னார்.

மறுநாள் கறுப்புக் கண்ணாடிக்குள் ஒன்றும் தெரியாமல், குழியைத் தடவித் தடவித் திராட்சையைப் போட்டார் ஹிராதா அம்மா. திரை ஏறியது. உமே இந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தாள், அந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தாள், கீழே குனிந்து முகமூடியின் தாடைக்கு அடியில் எட்டிப் பார்த்தாள். எந்த மூடியையும் தொடவில்லை. பத்து முறையும் அப்படியே.

"பூஜ்யம்" என்று எழுதினார் பேராசிரியர்.

ஹிராதா அம்மா எழுந்து நின்றார். "தப்பு என்னோடதுதான் அக்கா. மன்னிச்சிடு" என்று இடுப்பை வளைத்து, கம்பியில் இடிக்கும் அளவுக்குத் தாழப் பணிந்தார். உமே முகமூடியின் விளிம்பைப் பிடித்து மேலே தள்ளத் தொடங்கினாள். பேராசிரியர் இரண்டு முறை கூப்பிட்டும், அது முழுதாகத் திறக்கும்வரை ஹிராதா அம்மா தலையை நிமிர்த்தவில்லை.