நாற்பத்தேழாம் பக்கம்

2023.03.14 – விளம்பர வரவு, பதினொரு பக்கம் – ரூபா 88,000
2023.06.02 – ஆண்டு மலர், 600 பிரதிகள் – ரூபா 300,000
2024.02.15 – ஒற்றைத் தாள், 600 பிரதிகள் – ரூபா 6,000

மலர்க் கணக்கின் மூன்றாவது வரியில் உள்ள ஒற்றைத் தாள், குறிஞ்சாக்கேணி மாணவி ரிஸ்லா எழுதிய கட்டுரை. பாடசாலையின் ஆண்டு மலருக்குள் வந்திருக்க வேண்டியது, எட்டு மாதம் பிந்தித் தனியாக வந்தது.

ரிஸ்லா, மீன் லொறி ஓட்டும் நௌபரின் இரண்டாவது மகள். கேட்ட கேள்விக்குப் பதில் வராவிட்டால் குரலை உயர்த்தமாட்டாள். அதே கேள்வியை அதே குரலில் மறுபடி கேட்பாள். இதற்குப் பயந்தே உம்மா பரீனா முதல் தடவையிலேயே பதில் சொல்லிவிடுவார்.

பத்தாம் தரத்தில் அவளுக்குச் சிறுநீர் போனால் எரியும் சலக்கடுப்பு வந்தது. ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறாய் என்று டாக்டர் கேட்டார்.

"பள்ளிக்கூடம் உள்ள நாளில குடிக்கிறல்ல" என்றாள்.

பெண்பிள்ளைகளின் கழிப்பறையில் குழாய் இருந்தது. மேலே தண்ணீர்த் தாங்கியும் இருந்தது. தண்ணீர் மட்டும் வருவதில்லை. ஆகவே வீடு போகும்வரை ஒருத்தியும் தொண்டையை நனைப்பதில்லை. பழகிப்போன விஷயம் என்பதால் அதைப் பற்றிக் கதைப்பாரும் இல்லை.

உயர்தர வகுப்பில் அவளை மலருக்கு ஆசிரியராகத் தெரிவுசெய்தார்கள். 'தண்ணீர் குடிக்காத பிள்ளைகள்' என்று இரண்டு மணித்தியாலத்தில் எழுதி முடித்தாள். அச்சகத்திலிருந்து சரிபார்க்க வந்த தாளைப் படித்த அதிபர் ஸெய்னுதீன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நீ பொய் எழுதல்ல மகள், எனக்குத் தெரியும். ஆனா டாங்கி தந்தது றுவைஸ் ஹாஜியார். வெளியீட்டுக்கு அவர்தான் பிரதம விருந்தினர். அவருக்கு முன்னால இதை வைக்கேலாது."

"பொய் இல்லையெண்டா ஏன் சேர் எடுக்கணும்?"

"இது பாடசாலையின்ட மலர். உன்ட வீட்டுக் கொப்பி இல்ல."

"ஏன் சேர் எடுக்கணும்?"

அதிபர் நாற்பத்தேழாம் பக்கத்தின் குறுக்கே சிவப்புக் கோடு இழுத்தார். வெறுமையான இடத்துக்கு ஹாஜியாரின் கடை விளம்பரம் போனது.

அன்று சாப்பிடும்போது நௌபர் சொன்னார்: "நற்சான்றிதழ் தாறவர் அதிபர்தான். அதையும் நினைச்சுப் பாரு."

"நினைச்சனான் வாப்பா."

"நினைச்சு?"

"நினைச்சனான் எண்டுதான் சொன்னனான்."

கிண்ணியாப் பக்கத்தில் மலர் அடிப்பதற்கு ஒரு முறை உண்டு. ஆசிச் செய்திகளைத்தான் முதலில் அடிப்பார்கள். பிள்ளைகளின் கட்டுரை பிந்தலாம். பெரியவர்களின் படம் பிந்தக் கூடாது. அதிபர் கோடு இழுத்த அன்று ஆசிச் செய்திகள் அச்சாகி, மடித்து, திருகோணமலை அச்சகத்தில் அடுக்கியாகிவிட்டது. அதே தாளில் பொருளடக்கமும் இருந்தது. அது ஒருவருக்கும் நினைவுக்கு வரவில்லை.

வெளியீட்டு மேடையில் ஹாஜியார் முதலில் தன் படத்தைப் பார்த்தார். பிறகு பொருளடக்கத்தில் விரலை ஓட்டினார். 'தண்ணீர் குடிக்காத பிள்ளைகள் – 47.' அந்தப் பக்கத்தைத் திறந்தார். 'றுவைஸ் ஹாட்வெயார். எல்லா அளவிலும் தண்ணீர்த் தாங்கிகள்' என்றிருந்தது. சிரித்துவிட்டார்.

"என்ட விளம்பரத்துக்கு ஆர் இந்தத் தலைப்பு வெச்சது?"

"அச்சகத்துப் பிழை, ஹாஜியார்" என்றார் அதிபர்.

மலர்ப் பிரதிகள் அடுக்கிய தட்டோடு பக்கத்தில் நின்ற ரிஸ்லா, "பிழை இல்ல ஹாஜியார். அது நான் எழுதின கட்டுரை, எடுத்திட்டாங்க" என்றாள்.

"என்னத்தைப் பத்தி?"

"நீங்க தந்த டாங்கிக்குத் தண்ணி ஏறுறல்ல எண்டதைப் பத்தி."

ஹாஜியாரின் சிரிப்பு நின்றது. அதிபர் பக்கம் திரும்பினார். "தந்து நாலு வருஷம். எனக்கு ஒருத்தரும் சொல்லல்லயே."

அடுத்த வாரமே அவருடைய ஆட்கள் வந்து தண்ணீர் ஏற்றும் மோட்டரை மாற்றினார்கள். தாங்கி நிறைந்தது. பிள்ளைகள் தண்ணீர்ப் போத்தலோடு வரத் தொடங்கினார்கள். விஷயம் முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள், ரிஸ்லாவைத் தவிர. கட்டுரையை எப்போது அச்சடிப்பது என்று அதிபரிடம் போய்க் கேட்டாள்.

"தண்ணிதான் வந்திட்டே புள்ள, இனி என்னத்துக்குக் கட்டுரை?"

"தண்ணி வரமுந்தி நாங்க எப்பிடி இருந்தமெண்டுதான் சேர் எழுதினனான். அது நடந்ததுதானே."

அவர் மறுத்தார். அவள் கல்விப் பணிமனைக்கு எழுதினாள். கடிதம் கிடைத்தது என்று ஒரு பதில் வந்தது. மறுபடி எழுதினாள். அதிபரிடம் விளக்கம் கேட்டிருக்கிறோம் என்று இன்னொரு பதில் வந்தது. தபாற்கந்தோருக்குக் கொண்டுபோனவர் நௌபர்தான். "மீனை விட உன்ட கடிதம்தான் லொறியில கூட ஏறுது" என்று முணுமுணுத்தாலும், ஒன்றையும் மறந்து திரும்பக் கொண்டுவந்தவரல்ல.

பரீட்சை முடிந்தது. நற்சான்றிதழும் கைக்கு வந்தது. அதில் அதிபர் ஒரு சொல்லும் குறைத்து எழுதவில்லை. அதையும் இங்கே பதிய வேண்டும்.

மூன்றாவதும் கடைசியுமான பதில் பணிமனையிலிருந்து வரவில்லை. அதிபரே தன் கைப்பட எழுதியிருந்தார். கட்டுரையை இருந்தபடியே, பெயரோடு, தனித் தாளாக அடித்து மலர் வாங்கிய எல்லோருக்கும் கொடுப்பதென்றும், செலவு பாடசாலையுடையதென்றும், இனி மலரிலிருந்து எதை நீக்கினாலும் மாணவர் குழுவுக்குக் காரணம் எழுதிக் கொடுப்பதென்றும் அதில் இருந்தது. கீழே ஒரு வரி: 'நீர் இரண்டு தரம் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.'

கடிதம் வந்து சேர்ந்த திகதி 2024.02.06.