சாட்சி என்று ஒட்டிய ஸ்கூட்டி

எங்கள் சபையில் ‘சாட்சி’ என்ற சொல் இல்லாமல் ஒரு நாள் போகாது. காய்ச்சல் சுகமானால் எழும்பி நின்று சாட்சி சொல்வோம். பிள்ளை சோதனை பாஸ் பண்ணினாலும் சாட்சி. ஒருத்தி பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டை பிடித்தால், ‘சாட்சியைக் கெடுத்துப்போட்டாள்’ என்று கவலைப்படுவோம். அந்தச் சொல்லுக்குச் சேர்ச் மதிலுக்கு வெளியே வேறொரு அர்த்தம் இருப்பது எனக்கு நாற்பத்தாறு வயதில்தான் உறைத்தது. அதற்கும் கிண்ணியாவிலிருந்து ஒருவர் காலில் மாவுக்கட்டோடு வரவேண்டியிருந்தது.

ஸ்டிக்கர் ஒட்டுவது சபைச் செயலாளரின் யோசனை. அவர் நல்ல மனிதர். இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. யாருக்கு வருத்தமென்றாலும் முதலில் போய் நிற்பவர் அவர்தான். நம்முடைய விசுவாசம் திருகோணமலை முழுக்கத் தெரியவேண்டும் என்றார். முதலில் ஒரு முழு வசனம் போடுவதாக இருந்தது. அவ்வளவு எழுத்தையும் போட்டால் எறும்பு ஊர்ந்த மாதிரித்தான் தெரியும் என்று அச்சகத்தில் சொல்லிவிட்டார்கள். குறைத்துக் குறைத்துக் கடைசியில் ‘நான் சாட்சி’ என்று இரண்டு சொல் மிஞ்சியது. அடுத்த ஞாயிறு சேர்ச் வளவில் நின்ற கார், ஓட்டோ, ஸ்கூட்டி எல்லாமே சாட்சி. மீனுக்கு ஐஸ் ஏற்றும் லொறி ஒன்றும் சாட்சியாகியது. நான் என் ஸ்கூட்டியின் முகப்பைச் சோப்புப் போட்டுத் துடைத்து, கோணாமல் ஒட்டினேன். அதற்குப் பிறகு ஒரு கிழமை தெருவில் யாரையும் முந்தவில்லை, யாருக்கும் ஹோர்ன் அடிக்கவில்லை. ஆவிக்குரிய வாழ்க்கையில் நான் கண்ட பெரிய முன்னேற்றம் அது.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சாட்சி சொல்ல வேண்டியது நான். என் கந்தோரிலிருந்து கந்தளாய்க்கு எனக்கு இடமாற்றம் வந்து, நான் உபவாசமிருந்து ஜெபித்து, அது ரத்தான கதை. தலைமைக் கந்தோரில் வேலை செய்கிற என் மச்சானைப் பற்றிய பகுதியை எடுத்துவிட்டால் கதை மூன்று நிமிடத்துக்குள் அழகாக அடங்கியது. செயலாளருக்கு மூன்று நிமிடம் முக்கியம். சாட்சி சொல்லப் போகிறவர்களுக்குக் காலையிலேயே போன் பண்ணி அதை நினைவுபடுத்துவார்.

துறைமுகப் பக்கத்து வீதியில் போய்க்கொண்டிருந்தபோது என் கைப்பைக்குள் போன் அடித்தது. பிந்திவிட்டதால் எடுக்கவில்லை. எனக்கு முன்னால் ஒழுங்கையிலிருந்து ஒரு கார் நிற்காமல் வீதிக்கு ஏறியது. ஓட்டியவரின் ஒரு கை காதில் இருந்தது. எதிரே தன் பக்கத்தில் ஒழுங்காக வந்துகொண்டிருந்த மோட்டார் சைக்கிளில் அது மோதியது. பின்னால் கட்டியிருந்த பெட்டி திறந்து சூரையும் பாரையும் வீதி நிறையக் கொட்டின. மீன்களுக்கு நடுவில் ஒரு மனிதர் கிடந்தார். என் பைக்குள் அடித்துக்கொண்டிருந்த போன் அந்த நேரம் பார்த்து நின்றது.

நான் பிரேக் பிடித்துக் காலை ஊன்றினேன். காரின் பின்கண்ணாடியில் ‘நான் சாட்சி’ என்று இருந்தது. மதிலோரம் வாகை மரத்தின் கீழே ஒரு மான் படுத்திருந்து காட்போட் பெட்டி ஒன்றைச் சப்பிக்கொண்டிருந்தது. எங்கள் டவுன் மான்களுக்கு எதற்கும் பதற்றம் கிடையாது. அது எழும்பவுமில்லை. செயலாளர் காரிலிருந்து இறங்கி ஓடுவதைப் பார்த்தேன். கடைக்காரர்களும் ஓடி வந்தார்கள். ஆட்கள் வந்துவிட்டார்கள்தானே என்று நினைத்துக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தேன். சாட்சி சொல்லப் போகிறவள் பிந்தக்கூடாதல்லவா.

என் சாட்சி நன்றாக அமைந்தது. குரல் நடுங்கியதை ஆவியானவரின் அசைவு என்று இரண்டு பேர் பிறகு கைபிடித்துச் சொன்னார்கள். ஆராதனை முடியும் நேரத்தில் செயலாளர் சட்டையில் இரத்தத்தோடு வந்து சேர்ந்தார். ஒரு மான் குறுக்கே பாய்ந்ததாம், அதைக் காப்பாற்ற ஸ்டீயரிங்கை வெட்டினாராம், மீன்காரர் வேகமாக வந்து மோதினாராம். அவரைத் தானே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வருவதாகவும் சொன்னார். போதகர் செயலாளரின் உயிருக்காகவும் மானின் உயிருக்காகவும் நன்றி சொல்லி ஜெபித்தார். எல்லாரும் ஆமென் என்றோம். என்னுடைய ஆமென் கொஞ்சம் சத்தமாகவே வந்தது.

பத்து நாள் கழித்து மீன்காரர் என் வீட்டுக் கேற்றடியில் ஓட்டோவில் வந்து இறங்கினார். கக்கத்தில் ஊன்றுகோல். கதிரை கொண்டுவந்து போட்டேன்.

“இந்தப் பைக்கத்தான் மிஸ் தேடித் திரிஞ்ச” என்று ஸ்கூட்டியைக் காட்டினார். “நான் விழுந்து கிடக்கக்குள்ள நீங்க காலை ஊண்டி நிண்டு பாத்தீங்க. முகம் எனக்குத் தெரியல்ல. சாட்சி எண்டு முன்னுக்கு எழுதியிருந்தது. அதை மட்டும் வாசிச்சிட்டன். அதைச் சொல்லி விசாரிச்சி விசாரிச்சித்தான் வந்த.”

“அது அந்தச் சாட்சி இல்லை, நானா” என்றேன். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். வேறென்ன சாட்சி என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னால் சொல்லியிருக்க ஏலாது.

செயலாளரைப் பற்றி அவருக்குக் கோபமில்லை. “ஆஸ்பத்திரியில தலமாட்டில நிண்டு எனக்காகக் கண்ணை மூடி ஆண்டவனிட்ட கேட்டவர். நல்ல மனிசன். ஆனா பொலிசில மான் எண்டு சொல்லிப்போட்டார். நான்தான் கண்மண் தெரியாம வந்ததாம். என்ட பைக் பொலிசில நிக்கிது. லைசென்சும் போயிடுமாம். அது போனா நான் மீன் விக்க ஏலாது மிஸ். கடைக்காரங்க சத்தம் கேட்ட பிறகுதான் ஓடி வந்த. அவர்ட காரிலயும் சாட்சி எண்டுதான் ஒட்டியிருக்கு. ரெண்டு சாட்சி இருந்தும் எனக்கு ஒரு சாட்சி இல்ல.”

யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அனுப்பினேன். அவர் போன பிறகு போனை எடுத்துப் பார்த்தேன். செயலாளரின் மிஸ்ட் கோல் அந்த ஞாயிற்றுக்கிழமைத் திகதியோடும் நேரத்தோடும் அப்படியே இருந்தது. அவர் காதில் வைத்திருந்தது எனக்கு எடுத்த கோல். பயமாக இருந்தது. போதகரிடம் போனேன். பொலிசுக்குப் போகவேண்டாம் என்று அவர் சொல்லிவிடுவார் என்ற நம்பிக்கையில்தான் போனேன். இதில் நடிக்க ஒன்றுமில்லை.

அவர் என்னைக் கைவிடவில்லை. “நீங்கள் போய்ச் சாட்சி சொன்னால் எங்கட சபையின்ர சாட்சி கெட்டுப்போகும், சிஸ்டர்” என்றார்.

சிரிக்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். சிரிக்கவில்லை. அந்த வசனத்தில் ஒரு பிழையும் அவருக்குத் தெரியவில்லை. எங்கள் தமிழில் அதில் பிழையும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் குசினியிலிருந்து மண்ணெண்ணெயும் பழைய பிளேடும் எடுத்துக்கொண்டு ஸ்டிக்கரைச் சுரண்டினேன். ஸ்டிக்கர் இல்லாவிட்டால் யாரும் தேடி வரமாட்டார்கள். ‘சாட்சி’ சுருண்டு கையோடு வந்துவிட்டது. ‘நான்’ வரவில்லை. எவ்வளவு எண்ணெய் போட்டும் அது விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. அவ்வளவு பக்தியோடு அழுத்தி ஒட்டியவள் நான்தானே. வெட்கமாக இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. பிளேடை எறிந்துவிட்டுக் கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் பொலிசுக்குப் போனேன்.

பொறுப்பதிகாரி சிங்களத்தில் கேட்டார். தமிழ் தெரிந்த ஒரு கான்ஸ்டபிள் மாற்றிச் சொன்னார். மீன்காரருக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவரும் வந்து சுவரோரம் மர வாங்கில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கார் நிற்காமல் ஏறியதைச் சொன்னேன். மான் படுத்தே கிடந்ததைச் சொன்னேன். போனைத் திறந்து மேசையில் வைத்தேன். எல்லாவற்றையும் எழுதிய பிறகு அதிகாரி நிமிர்ந்து ஏதோ கேட்டார்.

“இவ்வளவையும் பாத்திட்டு ஏன் நிக்காமல் போனனீங்கள் எண்டு சேர் கேக்கிறார்.”

“அவசரமாப் போனனான்.”

“எங்க?”

வாங்கிலிருந்தவரை நான் பார்க்கவில்லை. “சாட்சி சொல்ல” என்றேன்.

கான்ஸ்டபிள் அதை அப்படியே மாற்றிச் சொன்னார். அதிகாரி பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“ஞாயிற்றுக்கிழமையில எந்தக் கோர்ட் திறந்திருந்தது எண்டு கேக்கிறார்.”

“அது கோர்ட் இல்லை. எங்கட சேர்ச்.”

“அங்க சொல்லுற சாட்சி வேறயா?” இதை அதிகாரி கேட்கவில்லை. கான்ஸ்டபிளே கேட்டார், தெரிந்துகொள்ளும் ஆசையில்.

“ஓம். அங்க ஒருத்தரும் கேள்வி கேக்கமாட்டினம்.”

அதை அவர் மாற்றிச் சொல்லவில்லை. தாளை என் பக்கம் திருப்பி, கையெழுத்து வைக்கவேண்டிய இடத்தைக் காட்டினார்.