குட்டைச் சிறகு வெட்டுக்கிளி

அந்த ஆளை நான் நேரில் பார்த்ததே இல்லை. ஆனாலும் மூன்று வருடமாக வாய் வலிக்கத் திட்டியிருக்கிறேன். வெட்டுக்கிளி, பூச்சி என்று எதைப் படம் எடுத்துப் போட்டாலும் பார்க்கிறவர்கள் கூடிப் பெயர் கண்டுபிடிக்கிற இணையதளம் ஒன்று இருக்கிறது. அதில் நானும் இருக்கிறேன், அவரும் இருக்கிறார். அவர் பெயருக்குக் கீழே ஓய்வு பெற்ற பேராசிரியர், பசுமலை என்று போட்டிருக்கும். நான் எந்தப் பெயர் வைத்தாலும் கீழே வந்து ‘ஏற்கவில்லை’ என்று ஒரு தட்டு தட்டிவிட்டுப் போவார். கூடவே ஒரு வரி. “உள்தொடையின் நிறம் தெரியவில்லை.” “பக்கவாட்டுப் படம் இல்லை.” ஒரு வணக்கம்கூடக் கிடையாது.

நான் கே.கே. நகரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டிருப்பவள். எனக்குப் பார்க்கத் தெரியவில்லை என்று இந்த மனுஷர் சொல்வதா?

போன ஐப்பசியில் பேரையூர்ப் பக்கம், என் கணவருடைய அண்ணனின் பருத்திக்காட்டு வரப்பில் சாம்பல் நிற வெட்டுக்கிளி ஒன்றைப் படம் எடுத்தேன். சிறகு பாதி முதுகுக்குக்கூட வரவில்லை. எத்தனை வளர்ந்தாலும் சிறகு குட்டையாகவே இருக்கும் அபூர்வ வகை ஒன்று உண்டு. எங்கள் மாவட்டத்திலிருந்து அதை யாரும் அந்தத் தளத்தில் போட்டதில்லை. நான்தான் முதல் ஆள். பெயரை எழுதிப் போட்டேன். முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் வாழ்த்தினார்கள். வாழ்க்கையில் அம்புட்டுச் சந்தோஷம் எனக்கு அபூர்வம்.

மறுநாள் அவர் வந்தார். “இது குஞ்சு. சிறகு இனிமேல்தான் வளரும். ஏற்கவில்லை.”

அன்றைக்கு வீட்டில் குழம்பும் சரியில்லை, நானும் சரியில்லை. கணவர் கேட்டேவிட்டார்.

“அந்தாளு வெட்டுக்கிளியத்தான சொன்னாரு, ஒன்னையவா சொன்னாரு? இம்புட்டுக் கோவம் எதுக்கு?”

“என்னையத்தாங்க சொல்றாரு. கண்ணு தெரியாதவங்கிறாரு.”

“நீ பிடிச்ச முயலுக்கு மூணே காலு. ஆள விடு.”

நான் விடவில்லை. வளர்ந்து முடிந்த வெட்டுக்கிளி மறுபடி தோல் உரிக்காது. ஒன்றைப் பிடித்து வளர்த்து, அது உரிக்கவே இல்லை என்று நாள் வாரியாகப் படம் போட்டு அவர் வாயை அடைக்க வேண்டும். அடுத்த ஞாயிறே கணவரை வண்டி ஓட்டச் சொல்லி அதே வரப்புக்குப் போய், அச்சு அசல் அதே மாதிரி ஒன்றைப் பிடித்து வந்தேன். பிளாஸ்டிக் டப்பாவில் ஓட்டை போட்டு, ஒரு குச்சியைச் சாய்த்து, தினமும் அருகம்புல் போட்டேன். நாலு நாள் ஒன்றும் நடக்கவில்லை. அவருக்கு எழுத வேண்டிய பதிலை மனசுக்குள் எழுதி எழுதிப் பார்த்துக்கொண்டேன். ஒவ்வொரு தடவையும் காரம் கூடியது.

ஐந்தாம் நாள் காலையில் டிக்காஷன் இறங்குவதற்குள் டப்பாவைப் பார்த்தேன். குச்சியில் வெள்ளைத் தோல் ஒன்று தொங்கியது. பக்கத்தில் ஈரம் காயாத புது வெட்டுக்கிளி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கசங்கிய சிறகு நீண்டு நீண்டு வால் நுனியையும் தாண்டியது. கே.கே. நகரில் எந்தக் காலி மனையில் கால் வைத்தாலும் பத்து தாவுமே, அதே சாதாரண வெட்டுக்கிளி. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியும்? டப்பாவைச் சுவருக்கு அப்பால் கவிழ்த்துவிட்டு, படத்தை அப்படியே விட்டுவிடலாம். வெட்டுக்கிளி சாட்சி சொல்ல வராது. அந்த நினைப்போடு வேலைக்குப் போனேன். அங்கே ஒருவருடைய ரத்தம் குழாயிலேயே உறைந்துவிட்டது. அவர் அவசரம் என்றார். இதை வைத்து ரிசல்ட் எழுத முடியாது, மறுபடி எடுக்க வேண்டும் என்று முகத்தில் அடித்த மாதிரி சொன்னேன். சொல்லி முடித்ததும் எனக்கே சுருக்கென்றது.

சாப்பாட்டு நேரத்தில் போனை எடுத்து, தோல் உரித்த படத்தைச் சேர்த்து, பழைய பெயரை அழித்து, அந்தச் சாதாரண வெட்டுக்கிளியின் பெயரை எழுதினேன். நன்றி என்று எழுதவில்லை. அதற்கு மனசு வரவில்லை.

ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அவர் வந்துவிட்டார். ‘ஏற்கிறேன்.’ மூன்று வருடத்தில் அந்த மனுஷர் என்னோடு ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை.