ஈரக் கற்களும் மூன்று செய்தித்தாள்களும்

அறுபதுகளின் கடைசியில் ஜெர்மனியில் நிலவியல் ஆராய்ச்சி மாணவனாக இருந்தேன். அந்தக் கோடையில் பேராசிரியரோடு வடதுருவத்துப் பக்கமுள்ள ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுக்குப் போய், ஒரு பனியாற்றின் மொரேன்களிலிருந்து, அதாவது அது சுமந்துவந்து கொட்டிய கல்மேடுகளிலிருந்து, அறுபது கற்கள் பொறுக்கி வந்தேன். மூன்று வகை மேடு, வகைக்கு இருபது கல். என் டாக்டர் பட்டம் மொத்தமும் அந்த மூன்று பைகளுக்குள் இருந்தது. இன்னொரு முறை போய்வர உதவித்தொகையில் இடமில்லை.

கப்பலில் பைகள் நனைந்துவிட்டன. ஈரக் கல்லில் மை நிற்காது. காய்ந்த பிறகுதான் எண் எழுத முடியும். ஆய்வகத்தில் இதற்கென்றே மரத்தட்டுகள் உண்டு. நானோ ஊரில் வீட்டில் வற்றல் காயப்போட்ட பழக்கத்தில், ஆய்வகத் தாழ்வாரத் தரையில் மூன்று செய்தித்தாளை விரித்து, ஓரத்தில் மேட்டின் பெயரைத் தமிழில் எழுதி, கற்களைப் பரப்பிவிட்டுச் சாப்பிடப் போனேன். அன்று வெள்ளிக்கிழமை, தரை துடைக்கும் நாள்.

திரும்பி வந்தால் தரை பளபளவென்று இருக்கிறது. செய்தித்தாளைக் காணோம். துப்புரவு வேலை செய்யும் அம்மாள் கற்களைச் சுவரோரமாகச் சிறிதிலிருந்து பெரிதுவரை அழகாக அடுக்கிவிட்டு வீட்டுக்குப் போயிருந்தார். எந்தக் கல் எந்த மேட்டினுடையது என்று சொல்ல இனி வழியில்லை. தப்பு என்னுடையதுதான் என்று ஒப்புக்கொள்ள ஒரு மணி நேரம் பிடித்தது. அதுவரை அவரைத் திட்டித் தீர்த்தேன்.

சனிக்கிழமை என் அறைத்தோழன் வந்தான். வேதியியல்காரன், மதுரைப் பக்கம்.

"கல்லுக்குப் போய் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கியே. படிச்சவன்தானே, பிரிச்சுப் பாருடா."

பிரித்தேன். பக்க மொரேன் கல், செங்குத்துப் பாறையிலிருந்து உடைந்து பனியின் ஓரத்தில் விழுந்து, மேலேயே சவாரி செய்து வந்தது. அதனால் விளிம்பெல்லாம் கூர்மை. அடி மொரேன் கல் பனிக்கும் தரைக்கும் நடுவே அரைபட்டு வந்தது. முனை மழுங்கி உடம்பெல்லாம் கீறல். இரண்டு பனியாறுகள் சேர்கிற இடத்தில் இரண்டின் ஓரங்களும் ஒட்டி நடு மொரேன் உண்டாகும். அதுவும் கூர்மையான கல்தான், ஆனால் ஒரு பள்ளத்தாக்கின் சிவப்பும் மற்றதன் கருப்பும் கலந்திருக்கும். பக்க மேட்டிலும் கருப்புதான் என்பதால் கருப்புக் கற்கள் என்னைப் படாதபாடு படுத்தின. கல்லுக்குள் தெரியும் துகள்களின் பருமனையும், ஊதினால் எழும் மண்வாசனையையும்கூடப் பார்த்து, மாலைக்குள் மூன்று குவியல் தேற்றினேன்.

"எல்லாம் சரி. இதுதான் சரின்னு யாரு சொல்றது?" என்றான்.

யாரும் இல்லை. அப்படியே எண் போட்டிருந்தால் ஒருவராலும் கண்டுபிடித்திருக்க முடியாது. தூரிகையைக் கையில் எடுத்தேன், பிறகு வைத்துவிட்டேன். செவ்வாயன்று பேராசிரியர் வந்ததும் உண்மையைச் சொல்லிவிட்டு ஊருக்குக் கிளம்புவதென்று முடிவுசெய்தேன்.

திங்கள் காலை அந்த அம்மாள் கக்கத்தில் எதையோ இடுக்கிக்கொண்டு வந்தார்.

"உங்கள் செய்தித்தாள். அடுப்புப் பற்றவைக்க எடுத்துப் போனேன். ஓரத்தில் எனக்குத் தெரியாத எழுத்து இருந்தது. என்னவென்று தெரியாமல் எப்படி எரிப்பது? கொடியில் காயப்போட்டேன்."

விரித்தேன். தாளுக்கு இருபது சேற்றுக் கறைகள், ஒவ்வொன்றும் ஒரு கல்லின் வடிவத்தில். கற்களை ஒவ்வொன்றாகத் தூக்கி அதனதன் கறைமேல் வைத்தேன். ஐம்பத்தெட்டு பொருந்தின. இரண்டு கருப்புக் கற்களை மட்டும் ஒன்றின் குவியலில் மற்றதாக மாற்றிப் போட்டிருந்தேன். இரண்டே இரண்டு! உயிர் திரும்பி வந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்து வெட்கமில்லாமல் அழுதேன்.

அந்த அம்மாள் பதறிப்போனார். "நான் அடுக்கியது பிடிக்கவில்லையா?"

"ரொம்பப் பிடித்தது" என்றேன்.

"அப்படியானால் கல்லையெல்லாம் தட்டில் எடுத்து வைத்துவிட்டு எழுந்திருங்கள். நான் துடைக்க வேண்டும்."