இஸ்திரி போட்ட மண்

மண் தள்ளும் டோசரை ஓட்டுகிறவர்களில் இரண்டு வகை உண்டு. சொன்ன வேலையை முடித்ததும் இறங்கிப் போய்விடுகிறவர்கள் ஒரு வகை. இறங்கிய பிறகும் பத்தடி தள்ளி நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தாங்கள் மட்டம் செய்த தரையைப் பார்த்துவிட்டுத்தான் நகர்கிறவர்கள் இன்னொரு வகை. இவர் இரண்டாவது வகை. ஒரே சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் முப்பத்தோரு வருடம் ஓட்டியவர். இவர் போட்ட பாதையில் லாரி போனால் டிரைவர் கையிலிருக்கும் டீ சிந்தாது என்பார்கள். நூல் பிடித்த மாதிரி வேலை செய்ததால் நூல்காரர் என்று பெயர் விழுந்து, சம்பள நாளில்கூட ஆட்கள் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

கல்லை எடுப்பதற்கு முன்னால் அதன் மேல் கிடக்கும் ஓரடி மண்ணைச் சுரண்டி எடுக்க வேண்டும். அதைக் குப்பையாக நினைத்துப் பள்ளத்தில் தள்ளிவிடுவதுதான் பல இடங்களில் வழக்கம். இந்த சிமெண்ட் நிறுவனம் அதைத் தனியாகச் சேர்த்து வைத்தது. அந்த ஓரடிக்குள்தான் விதையும் கிழங்கும் புழுவும் பூஞ்சையும் இருக்கின்றன. கல் தீர்ந்ததும் பள்ளத்தை நிரப்பி, மேலே இதே மண்ணை விரித்தால் பழைய புதர்க்காடு தானாக எழுந்துவரும் என்பது எண்ணம். உரிமத்தில் அப்படி ஒரு நிபந்தனை இருந்ததால்தான் நிறுவனம் இதைச் செய்தது. ஒரு நல்ல காரியத்துக்கு அது ரொம்ப உயர்ந்த காரணம் இல்லை. ஆனாலும் செய்தது, அதற்கென்று படித்த ஒரு பெண்ணையும் வேலைக்கு வைத்தது. ஆட்கள் அவளைச் செடி மேடம் என்றார்கள்.

முதல் நாளே அவளுக்கும் நூல்காரருக்கும் உரசல்.

"அண்ணா, குவியல் உங்க தோள் உயரத்துக்கு மேல போகக் கூடாது."

"இடத்த அடைக்குமேம்மா. ஒரே குன்றா ஏத்தி, பக்கத்தையெல்லாம் தட்டி, கேக் மாதிரி நிறுத்திக் குடுக்குறேனே."

"கேக் மூச்சு விடாது. இது விடணும். மேல ஏறி மிதிக்கவும் கூடாது."

முப்பது டன் இரும்பை வைத்துக்கொண்டு மண்ணை மிதிக்காதே என்றால் எப்படி? சலித்துக்கொண்டார். ஆனால் சொன்னபடி செய்தார். தோள் உயரத்தில் நீள நீளமான வரப்புகளாக மண் கிடந்தது. அதில் முள்செடி ஏறி மற்றதை அமுக்கிவிடாமல் களை பறிக்க ஆறு பெண்களைச் சேர்த்தார்கள். அவர்களில் ஒருத்தி நூல்காரரின் மனைவி.

அவள் ஒன்பது வருடம் அந்த மண்ணோடு கிடந்தாள். எந்த முளை இருக்க வேண்டியது, எது பிடுங்க வேண்டியது என்று இரண்டு இலை விடும்போதே சொல்லிவிடுவாள். மாதம் ஒருமுறை வரப்புக்குள் முழங்கை வரை கையை விட்டு, ஒரு பிடி எடுத்து முகர்ந்து பார்ப்பாள். உள்ளே காற்றுப் போகாவிட்டால் மண் புளித்துவிடும்; புளித்த இடத்தைக் கிளறிவிட வேண்டும். இதைச் செடி மேடம்தான் சொல்லிக் கொடுத்தாள். ஆனால் ஒரு வருடத்தில் செடி மேடமே இவள் மூக்கைக் கேட்டுத்தான் குறிப்பு எழுதினாள்.

சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பிடி மண்ணைக் கணவர் மூக்குக்குக் கீழே நீட்டுவாள்.

"மோந்து பாருங்க. என்ன தெரியுது?"

"மண்ணு வாசம்."

"இது?"

"இதுவும் மண்ணு வாசம்தான்."

"முப்பது வருஷமா மண்ணத் தள்றீங்க, உங்க மூக்குக்கு ஒண்ணும் தெரியல. மூஞ்சியில சும்மா ஒரு அலங்காரத்துக்கு வெச்சிருக்கீங்க. போங்க, போய் உங்க நூலப் பிடிங்க."

கூட இருந்த பெண்கள் சிரிப்பார்கள். அவர்களில் ரேடியோ என்று பெயர் வாங்கிய ஒருத்தி, "அண்ணே, மூக்குலயும் சிமெண்ட் போட்டு மட்டம் பண்ணிட்டீங்களா?" என்பாள். அவரும் சிரித்துவிடுவார்.

வீட்டிலும் அவர் அப்படித்தான். துண்டை நாலு மூலையும் சேர்த்துத்தான் மடிப்பார். படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் தெரிந்தால் எழுந்து இழுத்துவிட்டுத்தான் படுப்பார். "நான் செத்தாக்கூட முதல்ல துணியில இருக்க சுருக்கத்த எடுத்துட்டு, அப்புறமாத்தான் அழுவீங்க" என்பாள் அவள்.

பத்தாவது வருடம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. எட்டே நாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் மூச்சு நின்றதும் நர்ஸ் நேரத்தைக் குறித்துக்கொண்டு வெளியே போனாள். நூல்காரர் விரிப்பைக் கால்பக்கம் இழுத்து, இரண்டு ஓரமும் சரியாகத் தொங்குகிறதா என்று பார்த்து, நடுவில் இருந்த சுருக்கத்தை உள்ளங்கையால் நீவினார். நீவிக்கொண்டே இருந்தபோதுதான் அவள் சொன்னது நினைவுக்கு வந்தது. கை அப்படியே நின்றது.

அவள் விட்டுப்போன பேச்சுகளில் ஒன்றை மட்டும் அவர் பத்திரமாக வைத்துக்கொண்டார். "அந்த மண்ண விரிக்கிறன்னைக்கு நீங்கதான் விரிக்கணும். வேற எவன் கையிலயும் குடுக்காதீங்க." நோய் வருவதற்கு முன்னால், சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டு சொன்னது.

நாலு மாதம் கழித்து அந்த நாள் வந்தது. செடி மேடம் நிறுவனத்தின் வேறொரு சுரங்கத்துக்குப் போயிருந்தாள். மறுநாள் பெரிய அதிகாரிகள் பார்க்க வருகிறார்கள் என்பதால் விரிப்பதைத் தள்ளிப்போடவும் வழியில்லை. போனில் பேசினாள்.

"அண்ணா, ஒரே தடவ தள்ளுங்க. திரும்ப அது மேல ஏறாதீங்க. கட்டியும் முட்டியுமா கிடக்கட்டும். பாக்க அசிங்கமாத்தான் இருக்கும். அசிங்கமா இருந்தாத்தான் தண்ணி இறங்கும், விதை தங்கும்."

"சரிம்மா."

"அழகு பாக்காதீங்கண்ணா."

"சரிம்மா, தெரியும்."

தெரிந்துதான் இருந்தது. தெரியாமல் நடந்தது என்று பின்னால் அவர் ஒருபோதும் சொல்லவில்லை.

முதல் வரப்பைத் தள்ளி முடித்து இறங்கினார். வழக்கம்போல ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். மேடும் பள்ளமும், வேர்முடிச்சும், கிழிந்த கட்டிகளுமாகக் கிடந்தது. யாரோ இரவெல்லாம் புரண்டு எழுந்து போன படுக்கை மாதிரி இருந்தது. ஒன்பது வருடம் அவள் முழங்கை வரை கைவிட்ட மண். அதை இப்படி விட்டுவிட்டுப் போவதா? நாளைக்கு நாலு பேர் வந்து பார்த்தால், பொண்டாட்டி போனதும் மனுஷனுக்கு வேலையும் மறந்துபோச்சு என்பார்களே? பெண்கள் ஆறு பேரில் மிச்சமிருந்த ஐந்து பேரும் அன்று அங்கே இல்லை. அதிகாரிகள் வருகிறார்கள் என்று விருந்தினர் விடுதியைக் கழுவித் துடைக்க அனுப்பியிருந்தார்கள். தடுக்க ஆளில்லை.

மறுபடி ஏறினார். ஒருமுறை, இன்னொருமுறை. பிறகு முன்னாலிருக்கும் பிளேடுத் தகட்டை லேசாகத் தரையில் பதித்துப் பின்னோக்கி இழுத்தார். டோசர்காரர்கள் கடைசி மெருகுக்குச் செய்வது. அந்த முப்பத்தோரு வருடத்தில் அவ்வளவு சுத்தமாக ஒரு வேலை அவர் செய்ததில்லை. பொழுது சாயும்போது பாய் விரித்த மாதிரி கிடந்தது மண். கீழ்ப்பக்க ஓரத்தில் இருபதடி அகலத்துக்கு மட்டும் கரடுமுரடாக நின்றுவிட்டது. அங்கே வரும்போது டோசரின் சங்கிலிப் பட்டை அறுந்துவிட்டது. மேஸ்திரி அதைப் பார்த்து நாக்கைச் சப்பினார்.

"இது மட்டும் கண்ண உறுத்துதேய்யா."

"காலையில பட்டைய மாட்டி முடிச்சிடுறேன்."

"பட்டை வர ஒரு வாரம் ஆகும். விடு, பேனர வெச்சு மறைச்சிடுவோம்."

மறைத்தார்கள். பேனரில் ஒரு பறவையின் படம் இருந்தது. அந்தப் பறவையை அந்தப் பக்கத்தில் எவரும் பார்த்ததில்லை. மறுநாள் வந்தவர்கள் தரையைப் பார்த்துக் கை கொடுத்தார்கள். ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்துகூடப் பார்த்தார். மனைவி போன பிறகு நூல்காரர் வயிறு நிறையச் சாப்பிட்டது அன்றுதான்.

மழை வந்தது. முதல் மழை கண்ணாடியில் விழுந்தது போல வழிந்தோடியது. அடுத்தடுத்த மழைகள் நடுவில் குளம் கட்டி மூன்று வாரம் நின்றன. வெயில் அடித்ததும் மேல் மண் தட்டுத் தட்டாக வெடித்தது. நூல்காரர் தினமும் வேலைக்கு முன்னால் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தார். ஒரு வெடிப்பில் நகத்தை விட்டுத் தட்டைப் பெயர்த்தார். அடியில் மஞ்சள் நிறத்தில் நூல் நூலாக எதுவோ மடிந்து கிடந்தது. பக்கத்துத் தட்டின் கீழும் அதேதான். அதற்கு அடுத்ததைப் பெயர்க்க அவருக்குக் கை வரவில்லை.

ஒருநாள் காற்றில் பேனர் கிழிந்து விழுந்தது. அதன் பின்னால் இருபதடி அகலத்துக்கு முழங்கால் உயரப் புல் நின்றது. ஊதாப்பூ ஒன்று, மஞ்சளில் இரண்டு, பெயர் தெரியாத கொடிகள். தேனீ மொய்த்தது. காலடியில் ஒரு சின்னப் பறவை, முட்டையை விட்டு எழ மனமில்லாமல் அவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

செடி மேடம் வந்தாள். மண்ணில் விரலைக் குத்தினாள், இறங்கவில்லை. ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் குத்தினாள்.

"எத்தன தடவ ஏறினீங்கண்ணா?"

"நாலு. அஞ்சு இருக்கும்."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உள்ள இருக்க விதை, மறுபடி..."

"அதெல்லாம் முளைச்சிடுச்சுண்ணா. வெளிய வர முடியல. ஒரு விதை ஒரு தடவதான் முளைக்கும்."

"வேற வழியே இல்லையாம்மா?"

"கீறிவிடலாம். இந்த ஓரத்துல இருந்து விதை காத்துல, எறும்புல, பறவையில மெல்ல மெல்லப் பரவும். நான் ரிட்டயர் ஆகுறதுக்குள்ள பாதி வந்தா பெருசு." அவளுக்கு வயது முப்பத்தைந்துகூட இருக்காது. அவருக்கு அடுத்த மாதம் ஓய்வு.

அன்று மத்தியானம் ரேடியோ அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும். சொல்லாம இருந்தா எனக்குச் சோறு இறங்காது. அக்கா என்கிட்ட சொல்லி வெச்சிருந்துச்சு."

"என்னன்னு?"

"'அந்த மனுஷன்தான் விரிக்கணும், அவரு கை பதமான கை. ஆனா முதல் தடவ தள்ளி முடிச்சதும் நீங்க அஞ்சு பேரும் போய் டோசர் முன்னாடி நின்னுக்கங்கடி. இல்லன்னா இஸ்திரி போட்டுடுவாரு'ன்னுச்சு." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "நாங்க அன்னைக்கு ரூம் கழுவப் போயிட்டோம்ணே. நான் போயிருக்கக் கூடாது."

ஒரு மனிதனை முழுவதும் அறிந்தவர்கள் உலகத்தில் அதிகம் பேர் இருக்கமாட்டார்கள். அவருக்கு ஒருத்திதான் இருந்தாள். அவள் அவரை நம்பியும் இருந்தாள், நம்பாமலும் இருந்தாள். இரண்டிலும் அவள் கணக்குத் தப்பவில்லை.

கீறிவிடும் வேலையை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். டோசரின் பின்னால் ரிப்பர் என்று கொக்கி மாதிரி வளைந்த இரும்புப் பல் உண்டு. அதைத் தரைக்குள் இறக்கி இழுத்தால் மண் கிழியும். வாழ்நாளில் செய்த மிகச் சிறந்த வேலையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கிழித்தார். ஐந்து பெண்களும் பசுமையான ஓரத்தில் வரிசையாக நின்றார்கள். அங்கே வரும்போதெல்லாம் கையைக் காட்டினார்கள், அவர் ரிப்பரைத் தூக்கிக்கொண்டு திரும்பினார். இரண்டரை நாள் ஆயிற்று.

முடித்து இறங்கியபோது, பத்தடி தள்ளிப் போய் நிற்கவில்லை. ஒரு கண்ணை மூடிப் பார்க்கவும் இல்லை. நடுவில், தண்ணீர் தேங்கி நின்ற இடத்தில் மண்டியிட்டு, பிளவுக்குள் முழங்கை வரை கையை விட்டு, ஒரு பிடி எடுத்து முகர்ந்தார்.

புளிப்பு. ஒன்பது வருடமாக அவள் நீட்டி நீட்டிக் காட்டி, ஒரு தடவைகூட அவருக்குப் பிடிபடாத வாசனை. இப்போது சந்தேகமே இல்லாமல் தெரிந்தது.

"அண்ணே, டீ ஆறுது, வாங்க" என்று ரேடியோ ஓரத்திலிருந்து கூப்பிட்டாள். அவர் திரும்பவில்லை. கையை மூக்கிலிருந்து எடுக்காமல் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.